இரண்டரைச் சுற்று

"திருகை முழுசா இறுக்கிட்டேன். இப்பத் திருப்பித் தளர்த்துறேன், சுத்தை எண்ணு" என்றார், காருக்கு அடியில் படுத்திருந்த அடைக்கலராஜ்.

மனைவி சலோமி குனிந்து ஸ்பேனரைப் பார்த்தாள். "ஒண்ணு... ரெண்டு..."

"இன்னும் அரை. போதும். கியர் பெட்டிக்குள்ள இருக்குற பட்டை சரியாப் பிடிக்கும். இனி கியர் வழுக்காது."

"கோட்டுச்சேரி மெக்கானிக்கே இந்த ஆட்டோமேட்டிக் காரைத் தொடமாட்டேன்னுட்டான். நாளைக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போனா என்னங்க?"

"நான்தான் ஓட்டிக்கிட்டுப் போவேன்."

"உங்க பிடிவாதத்தை மாதாதான் மாத்தணும்."

அவர் வெளியே நகர்ந்து வந்து கையை நீட்டினார். சுவரில் சாத்தியிருந்த கட்டைக்காலை சலோமி எடுத்துக் கொடுத்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது இடது காலை இழந்தவர் அவர். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத இந்தக் காரை அதற்காகவே கப்பலில் கொண்டுவந்திருந்தார்.

"சரி, ஆபரேஷன் முடிஞ்சு வர்றப்ப யாருங்க ஓட்டுவா?"

சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்த வலது காலை அடைக்கலராஜ் பார்த்தார். நாளை அதைத்தான் எடுக்கப்போகிறார்கள்.

"வர்றப்ப, நீ சொன்ன மாதிரி பஸ்லயே வந்துடலாம்."