கிருமிக் கண்ணாமூச்சி

வகுப்பின் திரைகளை இழுத்து மூடிவிட்டு நான் ஊதா விளக்கைக் கையில் எடுத்தபோது கல்லூரி முதல்வர் உள்ளே நுழைந்தார்.

கையில் சுற்றறிக்கை நோட்டு. வகுப்பறையில் எந்த விளையாட்டும் கூடாது, மீறினால் வேலை போகும் என்று காலையில் அவர் அனுப்பிய அதே நோட்டு.

எந்தச் சுற்றறிக்கையும் முப்பத்திரண்டு ஆசிரியர்களிடமும் போய்விட்டு, எல்லோருக்கும் இளையவளான என்னிடம் கடைசியாகத்தான் வரும். இன்றைக்கு முதலில் என்னிடம் வந்தது. எனக்காகவே எழுதிய கடுதாசி, வேறு யாரிடம் போகும்!

மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு நான் பாட்டுக்கு வகுப்புக்கு வந்து விளையாட்டை ஆரம்பித்தேன்.

இது நர்சிங் கல்லூரி. நான் நடத்துவது கை கழுவும் பாடம். சிரிக்காதீர்கள், அதற்கும் ஏழு படிகள் உண்டு, தேர்வு உண்டு.

விளையாட்டு ரொம்ப எளிது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியை ஏதாவது ஒரு பொருளில் தடவிவிடுவேன். வாயில் போனாலும் ஒன்றும் செய்யாத பொடி. அந்தப் பொருள் கைமாறிக்கொண்டே போகும். எல்லோரும் கை கழுவிவிட்டு வந்து உட்காருவார்கள். ஊதா வெளிச்சத்தில் எவர் கை பச்சையாக மின்னுகிறதோ அவர் அவுட். பிள்ளைகள் இதற்குக் கிருமிக் கண்ணாமூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"போட்ட கையெழுத்து இன்னும் காயல, அதுக்குள்ள கூத்தா?" என்றார் முதல்வர். "நாளைக்கு இவங்க பச்சக் குழந்தைங்க வார்டுக்குப் போறாங்க. ஏழு படியையும் ஒப்பிக்கச் சொல்லுங்க, போதும். நான் நடத்தினப்ப எல்லாரும் நூத்துக்கு நூறு."

உண்மைதான். எல்லோரும் நூற்றுக்கு நூறு.

அந்த நூறு வாங்கியவர்களில் ஒருத்தி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழு படிகளையும் சொல்வாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அதே வார்டில், பயிற்சிக்குப் போன முதல் வாரத்தில், ஒரு தொட்டிலிலிருந்து அடுத்த தொட்டிலுக்குக் கிருமியைக் கொண்டுபோனாள். கழுவிய கையோடுதான் போனாள். பிறந்து ஒன்பதே நாளான குழந்தை. பிழைக்கவில்லை.

யாருடைய கை என்று விசாரணையில் தெரியவில்லை. கல்லூரி எல்லோருடைய விடைத்தாள்களையும் எடுத்துக் காட்டியது. எல்லாம் நூறு. அத்தோடு கோப்பை மூடிவிட்டார்கள். இரண்டு தொட்டிலிலும் கை வைத்தவள் யார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

விளக்கைப் போட்டேன்.

முதல் வரிசைக் கைகளில் ஒன்றும் இல்லை. இரண்டாம் வரிசையிலும் இல்லை. கடைசி வரிசையில் ஒருத்திக்கு மட்டும் மோதிரத்தின் அடியில் பச்சை. 'ஐயோ!' என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு விளக்கை முதல்வர் பக்கம் திருப்பினேன்.

பத்து விரலும் பச்சை. மூக்குக் கண்ணாடி, காது மடல், சட்டைப் பை, எல்லாம் பச்சை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் அவருக்கு. உதட்டில் நன்றாகவே அப்பியிருந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நான் உங்க விளையாட்டுக்கே வரலையே!"

"உங்க நோட்டு வந்துச்சே சார்," என்றேன்.

கையெழுத்துப் போட்ட கையோடு அவருடைய உத்தரவின் மேல்தான் பொடியைத் தடவி அனுப்பியிருந்தேன். இந்நேரம் ஆசிரியர்கள் அத்தனை பேரும் பச்சையாகத்தான் இருப்பார்கள். வேலை போனால் போகட்டும்.

முதல்வர் விடுவிடுவென்று மூலையிலிருந்த குழாய்க்குப் போனார். ஏழு படிகளையும் வரிசை பிசகாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கழுவினார். திரும்பி வந்து இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

விளக்கைக் காட்டினேன். மற்ற விரல்கள் சுத்தமாக இருந்தன. இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் அப்படியே பச்சையாக மின்னின.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ஏழும் சொன்னேனேம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"சொன்னீங்க சார். கட்டைவிரலை விட்டுட்டீங்க, விளக்கு காட்டிடுச்சு. என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் இந்த விளையாட்டை நிறுத்த மாட்டேன்."

பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

"அன்னிக்கு அந்தத் தொட்டிலுக்குப் போறதுக்கு முன்னாடி, நான் எந்த விரலை விட்டேன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது சார்."