பின் இருக்கை

ஈப்போ கிளினிக்கில் தினேஸ்வரிக்கு அது மூன்றாவது ஐயுஐ. கணவன் யுகேந்திரனின் விந்தணுக்களைக் கழுவி, நன்றாக நீந்துபவற்றை மட்டும் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியாக டாக்டர் அவள் கருப்பைக்குள் செலுத்தினார். அவள் முகம் சுளிக்காமல் படுத்திருந்தாள். முந்தைய இரண்டு முறையும் கரு தங்கவில்லை. தெரிந்த மறுநாளே அவள் வேலைக்குப் போனாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவன் அவன்தான்.

"ரெண்டு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க," என்றார் டாக்டர்.

பத்து காஜா ஊரிலிருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில், பழைய ரப்பர் தோட்டத்தைத் தாண்டும்போது, காரில் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலித்தது. இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். பின் இருக்கைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே ஒரு பைகூட இல்லை.

"சென்சார் ரோசாக் லா, கெட்டுப்போச்சு," என்றான் யுகேந்திரன். "நாளைக்கு வொர்க்‌ஷாப்ல காட்டுறேன்."

"ஓரமா நிறுத்துங்க."

அவள் மெல்ல இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சத்தம் நின்றது.

"இப்ப போலாம். மெதுவா போங்க."

அவன் கண்ணாடியில் பின் இருக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவள் கைகள் மடியில் அமைதியாக இருந்தன. அவளுக்கு எங்கிருந்து இந்தத் தைரியம் வருகிறது என்று வழியெல்லாம் வியந்துகொண்டே ஓட்டினான்.

வீட்டு வாசலில் அவளே முதலில் இறங்கினாள். பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கதவைப் பிடித்தபடி காத்து நின்றாள். பாரம் ஒன்று இறங்கியதுபோல் காரின் பின்பக்கம் லேசாக உயர்ந்தது. அதற்குப் பிறகே அவள் கதவைச் சாத்தினாள்.