தழும்பில்லாத யானையார்

யானையாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்து, மூச்சுத் திணறிச் சரிந்தார். கொக்கு டாக்டர் அவர் காலில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார். மறுநாளே யானையார் வீடு திரும்பிவிட்டார்.

பிழைத்த சந்தோஷம் சாயங்காலம்வரைதான் நீடித்தது. பார்க்க வந்த குரங்கார், "ஒரு தையல்கூட இல்லையே, வெறும் வாயுவா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியோ, "சும்மாதானே நிக்கிறீங்க, நாலு கிளை ஒடிச்சுட்டு வாங்க" என்றாள்.

யானையாருக்கு ரோஷம் வந்தது. மார்பு முழுக்க வாழை நாரால் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு, முனகியபடி படுத்துவிட்டார். காடே திரண்டு வந்தது. பலாப்பழமும் கரும்பும் குவிந்தன.

கடைசியாக வந்தவர் கரடியார். போன வருஷம் நிஜமாகவே நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்துகொண்டவர்.

"அண்ணே, உங்களுக்கும் நெஞ்சைப் பிளந்துட்டாங்களா?"

"ஆமாப்பா, ரம்பத்தாலேயே அறுத்தாங்க" என்றார் யானையார் ஈனஸ்வரத்தில்.

"ஐயையோ! அப்போ மூணு மாசத்துக்கு இனிப்பே ஆகாதே! அண்ணி, அண்ணனுக்கு உப்பில்லாத கஞ்சி மட்டும் குடுங்க" என்ற கரடியார், பலாப்பழத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிளந்தார்.

யானையாரின் தும்பிக்கை கட்டின் முடிச்சுவரை போயிற்று. சுற்றி நின்ற காடு முழுவதும் அவரையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. தும்பிக்கையை மெல்லத் திருப்பி, கஞ்சியை வாங்கிக்கொண்டார்.