ஒட்டுப் போட்ட கண்ணாடி

"உன் பெண்டாட்டி பண்ற வேலையைப் பார்த்தியாடா? அவ பெத்ததுக்குப் புதுக் கண்ணாடி. உன் மூத்த தாரத்துப் பொண்ணுக்கு நடுவுல ஒட்டுப் போட்டது."

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்ற தம்பியின் காதில் அக்கா ஓதினாள்.

"நான் கவனிக்கலக்கா."

"நீ எதைத்தான் கவனிச்சே?"

தாயில்லாப் பெண்ணை இனித் தன் வீட்டிலேயே வைத்து வளர்க்கிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்திருந்தாள் அக்கா. தம்பி யோசிக்க ஒரு நாள் கேட்டான். அந்த ஒரு நாளைச் சண்டையில்லாமல் ஓட்டத்தான் எல்லாரையும் இந்தத் த்ரீடி படத்துக்குக் கூட்டி வந்தான். மூன்று மாடி உயரத் திரை. திமிங்கிலம் நம் மடியிலேயே வந்து விழுகிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அக்கா சும்மா இருப்பாளா? ஸீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா, இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல கண்ணாடி கிடைக்கலையா?"

தம்பி மனைவி சிறுமியைப் பார்த்தாள். சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருக்கட்டும் அண்ணி. அவளுக்கு அதுதான் சரியா இருக்கும்."

"கேட்டுக்கோடா. அவளுக்கு அது போதுமாம்."

தம்பி பாப்கார்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மாதிரி நேரத்தில் அவனுக்குக் காது கேட்காது.

அக்கா தன் கண்ணாடியைக் கழற்றிச் சிறுமிக்கு மாட்டிவிட்டாள். "நீ இதைப் போட்டுக்கோ கண்ணு. அத்தை நான் இருக்கேன்."

"அண்ணி, வேண்டாம்..."

"நீ பேசாதே."

விளக்கு அணைந்தது. ஒட்டுப் போட்ட கண்ணாடியை அக்கா மாட்டிக்கொண்டாள். கடல் வந்தது, திமிங்கிலம் வந்தது. எதுவும் திரையைத் தாண்டவில்லை. பக்கத்தில் தம்பி மனைவி பெற்ற சின்னவன் திமிங்கிலத்தைத் தொட்டுவிடக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அக்கா மனசுக்குள் தம்பி மனைவியைத் திட்டினாள். பாவி, பச்சைப் பிள்ளைக்கு இவ்வளவு நேரமும் இதைத்தான் காட்டியிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். தம்பி மனைவி தன் கண்ணாடியைக் கைப்பையில் திணித்து, அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். அக்காவும் பின்னாலேயே போனாள்.

கழிவறையில் தம்பி மனைவி சிறுமியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வாந்தி நிற்க நேரமானது.

"என்னத்தைக் கொடுத்தே பிள்ளைக்கு?"

சிறுமிதான் நிமிர்ந்தாள். "சித்தியைத் திட்டாதீங்க அத்தை. எனக்கு த்ரீடி ஒத்துக்காது. போன தடவையும் இப்படித்தான் வாந்தி எடுத்தேன். ஸ்கூல்ல எல்லாரும் இந்தப் படத்தைப் பத்தியே பேசறாங்க. நான் மட்டும் பார்க்கலைன்னா கிண்டல் பண்ணுவாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சித்திகிட்ட சத்தியம் வாங்கினேன்."

தம்பி மனைவி அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ரெண்டு கண்ணுக்கும் வேற வேற படம் தெரியறதாலதான் இவளுக்குத் தலை சுத்துது அண்ணி. ரெண்டு பக்கமும் இடது கண்ணுக்கு உள்ளதையே வெச்சுட்டா சாதாப் படமாத் தெரியும். வீட்டுல கிடந்த பழைய கண்ணாடி ரெண்டை வெட்டி ஒட்டினேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வந்த காரியத்தை அவ்வளவு லேசில் விடுகிற ஆளா அவள்?

"என்னதான் இருந்தாலும் பெத்தவ மாதிரி வருமா? நாளைக்குக் காலையில என்கூடக் கிளம்பு கண்ணு. அத்தை உன்னை ராணி மாதிரி வெச்சுக்கறேன்."

"நான் வரலை அத்தை."

சிறுமி சித்தியின் கைப்பையைத் திறந்து உள்ளிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அதிலும் நடுவில் ஒட்டு.

"இது மிச்சமான ரெண்டு வலது. என் மடியில வந்து விழாத திமிங்கிலம் தன் மடியிலயும் விழ வேண்டாம்னு, சித்தி இதைப் போட்டுக்கிட்டுத்தான் படம் பார்த்தாங்க."