புத்தகம் இருந்தால் நாற்காலி

"புத்தகத்தைக் கையில பிடிங்க. இல்லன்னா எழுந்திருங்க."

நூலகர் சுரேந்திரன் இப்படிச் சொன்னதும் மாரீஸ்வரிக்குச் சுருக்கென்றது.

அவள் அப்பா அய்யாத்துரைக்குப் படிக்கத் தெரியாது. முழங்கால் வீங்கியிருந்ததால் நிற்கவும் முடியாது. அப்போதுதான் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"நாங்க படிக்க வரல சார். சர்ட்டிபிகேட் திருத்த வந்திருக்கோம்."

"எதுக்கு வேணாலும் வாங்க. இங்க புத்தகம் இருந்தாத்தான் நாற்காலி."

பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தின் கூரை ஒழுகியதால், மழைக்காலம் முடியும்வரை அதை மாட்டுங்காவில் இருந்த அந்தத் தமிழ் நூலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். மண்டபத்தின் ஒரு பக்கம் அலமாரிகள். மறுபக்கம் ஜனனமும் மரணமும். நடுவில் ஒரு புதுப் பலகை தொங்கியது: 'நாற்காலிகள் தமிழ் வாசகர்களுக்கு மட்டும். மற்றவர்கள் வராந்தாவில் நிற்கவும். - தலைவர்.'

மாரீஸ்வரியின் அம்மா ஆறுமுகத்தாய் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிய மராட்டிக்காரருக்கு 'தாய்' என்பது 'தாயி' என்று காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் பாஷையில் தாயி என்றால் அக்கா. மரியாதைக்குச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்து அதை வெட்டிவிட்டார். மிஞ்சியது ஆறுமுகம். பெயருக்குப் பொருத்தமாக, யாரோ பொறுப்பான ஆள் 'ஆண்' என்றும் போட்டுவிட்டார்.

"அப்பம் இத்தன வருசமும் ஒரு ஆம்பளகூடயா குடும்பம் நடத்துனேன்?" என்று அய்யாத்துரை பஸ் கண்டக்டரிடம்கூடக் கேட்டுவிட்டார்.

ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை. தாராவி வீடு அம்மா பெயரில் இருந்தது. ஆறுமுகம் செத்ததற்காக ஆறுமுகத்தாயின் வீட்டை யாரும் பெயர் மாற்றித் தரப்போவதில்லை. கவுண்டரில் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு நாள் வரவேண்டும். வராந்தாவில் நின்றால் மழைச் சத்தத்தில் கூப்பிடுவதே கேட்காது.

சுரேந்திரன் சிவப்புக் காலிகோத் துணியில் பெயரில்லாத அட்டை போட்ட ஒரு புத்தகத்தை அய்யாத்துரையின் மடியில் வைத்தார்.

"நடுவுல விரிச்சு வெச்சுக்குங்க. அப்பப்போ பக்கத்தைத் திருப்புங்க."

"படிக்காதவர்னு கேலி பண்றீங்களா?" என்றாள் மாரீஸ்வரி. அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். இதைக் கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

அவர் 'சத்தம் போடாதீர்' பலகையைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

அப்போதுதான் அவள் சுற்றிலும் பார்த்தாள். மண்டபம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தது. ஓர் இளம் தகப்பன் ஒரு கையில் பச்சைக் குழந்தையும் மறு கையில் புத்தகமுமாக இருந்தான். மாஹிமிலிருந்து வந்த அல்தாப் என்ற பெரியவர் ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டிருந்தார், உருது படிப்பதுபோல.

அவர்தான் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு ஹிந்தியில் விளக்கினார். பலகையை எடுக்க நூலகருக்கு அதிகாரம் இல்லை. வந்தவர்களை மழையில் நிறுத்த மனசும் இல்லை. அதனால் எல்லோரையும் வாசகர்களாக்கிவிட்டார்.

"நான் காலையிலிருந்து தமிழ் வாசகன்" என்றார் அல்தாப், பெருமையாக.

மாரீஸ்வரி சுரேந்திரனைத் தேடித் திரும்பினாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

நூலகத் தலைவர் பஞ்சாபகேசன். பலகையை மாட்டச் சொன்னவர். ஆண்டுவிழா தவறாமல், தமிழ் அழியக்கூடாது என்று கண்கலங்கப் பேசுகிறவர். நிறைந்திருந்த மண்டபத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"இவாள்ளாம் யாரு?"

"வாசகர்கள் சார்" என்றார் சுரேந்திரன். "மழை பெய்ஞ்சா தமிழார்வம் ஜாஸ்தியாகுது."

தலைவர் நம்பவில்லை. நேராக அய்யாத்துரையிடம் வந்தார்.

"என்ன புஸ்தகம் படிக்கறேள்?"

அய்யாத்துரை புத்தகத்தைப் புரட்டினார். மூடினார். மண்டபத்தில் பக்கம் புரளும் சத்தமெல்லாம் நின்றுபோனது. இவர் மாட்டினால் எல்லோரும் வராந்தாவுக்குப் போகவேண்டியதுதான்.

அய்யாத்துரை புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்களே பாருங்க ஐயா."

பஞ்சாபகேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

"ஆஹா. எங்கம்மா தினம் விளக்கேத்தி வெச்சுண்டு இதைத்தான் பாராயணம் பண்ணுவா. நிதானமாப் படியுங்கோ."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் போய் அமர்ந்தார். மனநிறைவோ, மழைக் குளிரோ, சற்று நேரத்தில் தலை தொங்கிவிட்டது.

கவுண்டரில் கூப்பிட்டார்கள். மாரீஸ்வரி ஓடினாள். திரும்பி வரும்போது அவள் அம்மா மறுபடியும் பெண்ணாகியிருந்தாள், முழுப் பெயரோடு.

அய்யாத்துரை அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தார்.

"ஏளா, இது எந்தச் சாமி புத்தகம்? நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்குவமா?"

முனிசிபாலிட்டி பள்ளியில் தமிழ் படித்த மாரீஸ்வரி முதல் பக்கத்தைத் திறந்தாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"நாட்டுக்கோழி வளர்ப்பு."

அய்யாத்துரை தலைவரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து நொண்டிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டிருந்தவரின் மடியில் புத்தகத்தை நடுவில் விரித்து வைத்தார்.

"இது இருக்கட்டும் ஐயா" என்றார் மெதுவாக. "இல்லன்னா உங்களையும் வராந்தாவுல போய் நிக்கச் சொல்லிருவாவ."