மகளின் துகள் அளவு

வீட்டுக்கு வீடு வெள்ளித் தண்ணீர் தயாரித்து, எல்லா நோய்க்கும் அதையே குடித்துவந்த காலம். ஒளிமானியில் குப்பியைச் செருகினால், தண்ணீர் விழுங்கும் ஒளியை வைத்து அது வெள்ளித் துகளின் அளவைச் சொல்லிவிடும். அந்தக் குடியிருப்பில் தன் துகளே நுண்ணியது என்பதில் மகுடபதிக்குக் கர்வம். மகள் தாரணிக்கோ காய்ச்சல் விடவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. புள்ளைக்கு நகமெல்லாம் நீலம் பாஞ்சு கெடக்குதுங்க,” என்றாள் மனைவி கோமதி.

“அளவு சரியா இருக்குதல்ல? அப்புறமென்ன, இன்னும் ரெண்டு மூடி குடு.”

கோமதி மகளின் விரலை ஒளிமானிக்குள் நுழைத்தாள். ‘பன்னிரண்டு நானோமீட்டர், மிக நன்று’ என்றது திரை.

மகுடபதியின் முகம் மலர்ந்தது. “பாத்தியா, உள்ள போயும் துகள் திரியவே இல்ல,” என்று படமெடுத்துக் குடியிருப்புக் குழுவில் போட்டார்.

கோமதி மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். வழியில், படத்தைப் பார்த்துவிட்ட அண்டை வீட்டார் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து, அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.