பெப்பரின் விலை

ஒஹாயோவின் மாலை வெயில் சமையலறை மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. நடீனின் இதய அறுவை சிகிச்சைக் கடன் கழுத்தை நெரிக்க, கணவனும் மனைவியும் திவால் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கணவர் வெர்லின், பள்ளிப் பேருந்து ஓட்டிவந்த சீருடையைக்கூடக் கழற்றவில்லை. அவர் ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம். வீட்டிலுள்ள ஒவ்வொன்றும் இன்று விற்றால் என்ன பெறும் என்று எழுத வேண்டும். சோபா, டிவி, நடீனின் கல்யாண மோதிரம் எல்லாம் முடிந்தன. "நாய்க்கும் விலை கேக்குறாங்க," என்கிறாள் நடீன். மேசையடியில் அவர்களின் ஒற்றைக்கண் நாய் பெப்பர் குறட்டை விடுகிறது. "இந்தக் கிழத்த யாரு வாங்குவா? உள்ளதத்தான் எழுதணும்னாரு வக்கீல்," என்று அவளே தொடர்கிறாள். வெர்லின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிகிறார். பெப்பரின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்துகிறார். "இப்ப எழுதிக்க," என்கிறார் தணிந்த குரலில். "பூஜ்யம்."